ஃபுல் சவுண்டில் வைத்த பாடம்

விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டுக்குள் திண்டிவனம் வண்டி நுழையும்போதே சீட் பிடித்துவிட வேண்டும். வண்டி நிற்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருப்பவர்கள் திண்டிவனம் வரைக்கும் நின்றுகொண்டேதான் போவார்கள். துண்டு, கர்சீப், குடை, சாப்பாட்டுப் பை, கையில் எது இருக்கிறதோ அதை ஜன்னல் வழியாக உள்ளே போட்டால் அந்த இடம் நம்முடையது. அன்று காலை என் கையில் பரீட்சை அட்டைதான் இருந்தது. போட்டேன். மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரமாகப் போய் விழுந்தது.

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல், மூன்றாவது முறை. மற்ற பாடங்களில் எல்லாம் தேறிவிட்டேன், கணக்கு உட்பட. கணக்கில் எப்படித் தேறினேன் என்பது எனக்கும் தெரியாது, திருத்தியவருக்கும் தெரிந்திருக்காது. இது ஒன்றுதான் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது. இதைத் தாண்டினால்தான் கண்டக்டர் லைசென்ஸுக்கு எழுதிப் போட முடியும். திண்டிவனத்தில் ஒரு பஞ்சர் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் தேர்வு மையத்தையும் அங்கேயே வாங்கியிருந்தேன். டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்க்கும் வேலையை இன்னும் எத்தனை வருஷம் செய்வது?

எனக்குப் புத்தகம் ஆகாது. இரண்டு பக்கம் தாண்டினால் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர ஆரம்பித்துவிடும். காதால் கேட்டால் மட்டும் அப்படியே நிற்கும். இதைக் கண்டுபிடித்தது என் தங்கச்சி. பன்னிரண்டாவது படிக்கிறாள். ஐந்து மார்க் கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்து வாட்ஸ்அப்பில் பதினெட்டு வாய்ஸ் அனுப்பியிருந்தாள். பதினொன்றை முதல் நாளே கேட்டாயிற்று. மிச்சம் ஏழு. பஸ்ஸில் ஒரு மணி நேரம். தாராளமாகப் போதும் என்றுதான் நினைத்தேன்.

பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, காலுக்கு நடுவில் ஒரு சின்ன மூட்டை மல்லாட்டை, அதான் வேர்க்கடலை. மூட்டையை வைத்தார், வேட்டியைச் சரி செய்தார், போனை எடுத்தார். அவ்வளவுதான், என் காலை முடிந்தது.

பஸ்ஸில் சத்தமாகப் பாட்டு வைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முழுப் பாட்டு வைப்பவரைக்கூட மன்னித்துவிடலாம், எப்படியும் நாலு நிமிஷத்தில் முடிந்துவிடும். இவர் ரீல்ஸ் ஆள். ஒரு பாட்டு அரை வரி ஓடும், விரல் தள்ளும், ஒருத்தன் சிரிப்பான், விரல் தள்ளும், ஒரு அம்மா சாம்பார் தாளிப்பாங்க, விரல் தள்ளும், மறுபடி அதே பாட்டின் அதே அரை வரி. அந்த மீதி அரை வரி என்ன என்று தெரியாமல் மண்டை காய்ந்துவிடும். இடையில் ஏதாவது பிடித்துவிட்டால் விரல் நின்றுவிடும். அதே பதினைந்து வினாடி, பத்து தடவை.

என் இயர்போனில் இடது காது போய் மூன்று மாதம் ஆகிறது. வலது காதும் வயரை ஒரு மாதிரி மடித்துப் பிடித்தால்தான் பேசும். அந்த வலது காதுப் பக்கம்தான் இவர்.

"அண்ணே, இந்தப் பாட்டுக்கு எந்த ஊரு வரைக்கும் டிக்கெட்டு?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "திண்டிவனம் வரைக்கும்பா. நீ எங்க?" என்றார்.

"நானும் அங்கதாண்ணே. பரிச்ச எழுதப் போறேன். கொஞ்சம் காதுல மாட்டிக்கினு கேட்டா நல்லாருக்கும்."

"எம்புள்ள வாங்கிக் குடுத்தான்பா," என்று சட்டைப் பையிலிருந்து ஒரு இயர்போனை எடுத்துக் காட்டினார். கவர்கூடப் பிரிக்காத புதுசு. "காதுல மாட்டிக்கினா ஊரு வந்தாகூட தெரியாது. அதுவும் இல்லாம, தனியா கேட்டா இன்னா நல்லாருக்கும்? நாலு பேரு கேட்டாதான பாட்டு."

கவரோடு மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார். அதை ஒரு மணி நேரம் கடன் கேட்டிருக்கலாம். அந்தப் புத்தி எனக்குப் பரீட்சை முடிந்து வெளியே வந்த பிறகுதான் வந்தது.

கண்டக்டரைக் கூப்பிட்டேன். "அண்ணே, இதக் கொஞ்சம் கேக்க மாட்டீங்களா?"

அவர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "நானும் காலையிலருந்து கேட்டுக்கினுதாம்பா இருக்கறேன். எங்காது இல்லயா இது?" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய்விட்டார். நாளைக்கு இந்த வேலைக்குத்தான் போகப் போகிறேன் என்று நினைத்தபோது பேஜாராக இருந்தது.

விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு முன்னால் வண்டி ஒரு வேகத்தடையில் குதித்தது. கையில் மடித்துப் பிடித்திருந்த வயர் நழுவியது. அதோடு வலது காதும் போயிற்று. எப்படி எப்படியோ மடித்துப் பார்த்தேன், வாயில் கடித்தும் பார்த்தேன். உசுரு வரவில்லை. ஏழில் ஒன்றுகூட முடியவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் பஸ்ஸில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவன் சத்தமாக வைத்தால் அவனை யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். தன் போனை எடுத்து அதைவிடச் சத்தமாக வைப்பார்கள். அதைப் பார்த்து மூன்றாவது ஆள் வைப்பான். யார் போனில் சார்ஜ் தீருகிறதோ அவன் தோற்றான். நானும் அதே ஊர்க்காரன்தானே. இயர்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சவுண்டைக் கடைசிக் கோடு வரைக்கும் ஏற்றி, என் தங்கச்சியை வைத்தேன்.

"வெர்செய்ல்ஸ் உடன்படிக்கையின் சரத்துகள்," என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி ஆரம்பித்தாள். "ஜெர்மனி போரைத் தொடங்கிய குற்றத்தை ஏற்க வேண்டும். ஜெர்மனி தன் காலனிகளை இழந்தது." நடுவில் எங்கள் வீட்டுக் குக்கர் விசிலடித்தது. அம்மா யாரையோ திட்டினார். பிறகு மறுபடி தங்கச்சி: "அண்ணே, இது அஞ்சு மார்க். போன தடவயும் இதத்தான் நீ படிக்காம போன. தூங்காத."

பஸ்ஸே சிரித்தது. ஊரையே கிண்டல் பண்ணுகிறவன் நான். அன்று என்னை என் போனே கிண்டல் பண்ணியது.

பின்னாலிருந்து கண்டக்டர், "எத்தினியாவது அட்டெம்ட்டுப்பா?" என்றார்.

"மூணாவதுண்ணே."

"நானு ரெண்டுலயே தாண்டிட்டேன்," என்றார், பெரிய மலையைத் தாண்டியவர் மாதிரி.

முன் சீட்டிலிருந்து ஒரு அக்கா திரும்பிப் பார்த்தார். முப்பது வயது இருக்கும். மடியில் சாப்பாட்டு டப்பா, அதன் மேல் ஒரு நோட்டு. பிள்ளையின் வீட்டுப்பாட நோட்டைத் திருத்துகிறார் போல என்று நினைத்தேன். "தம்பி, கொஞ்சம் கம்மி பண்ணேன்," என்றார்.

"மொதல்ல இந்த அண்ணன நிறுத்தச் சொல்லுங்கக்கா. அவரு நிறுத்துனா நான் தானா நிறுத்திடறேன்."

அவர் திரும்பிக்கொண்டார். நோட்டைக் கண்ணுக்கு இன்னும் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

கூட்டேரிப்பட்டு வருவதற்குள் ஒரு அதிசயம் நடந்தது. மல்லாட்டைக்காரர் ரீல்ஸை நிறுத்திவிட்டார். போனைப் பையில் போட்டுவிட்டு என் பக்கம் சாய்ந்தார். "கத மாதிரி நல்லாருக்குதுப்பா. அந்த ஜெர்மனிக்காரன் அப்புறம் இன்னா பண்ணான்? வையி, வையி." மூட்டையைப் பிரித்து ஒரு கை மல்லாட்டை எடுத்து என் அட்டை மேல் கொட்டினார்.

ஜெயித்துவிட்டேன். இந்த ரூட்டில் ரீல்ஸ்காரரை வாயடைக்க வைத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அடுத்த வாய்ஸை வைத்தேன். அதற்கடுத்ததையும் வைத்தேன்.

முன் சீட்டு அக்கா மறுபடி திரும்பினார். "அதான் அவரு நிறுத்திட்டாரே தம்பி. நிறுத்தறேன்னு சொன்னியே."

சொன்னேன்தான். ஆனால் இன்னும் நாலு வாய்ஸ் மிச்சம் இருந்தது. இயர்போன் செத்துப்போயிருந்தது. இதையெல்லாம் அவரிடம் ஒழுங்காகச் சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"பஸ்ஸே படிக்குதுக்கா. நீங்களும் கேளுங்க, உங்க புள்ளக்கிச் சொல்லிக் குடுக்கலாம்."

நாலு பேர் சிரித்தார்கள். மல்லாட்டைக்காரர் சத்தமாகவே சிரித்தார். அக்கா நோட்டை மூடி, முந்தானையை எடுத்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சாமி கும்பிடுகிறார் என்று அதையும் கிண்டல் பண்ணலாமா என்று நினைத்தேன். நல்லவேளை, பண்ணவில்லை.

திண்டிவனத்தில் இறங்கியபோது ஏழு வாய்ஸும் முடிந்திருந்தது. மல்லாட்டைக்காரர் தோளில் தட்டி, "ஜல்தி போ, நல்லா எழுது," என்று அனுப்பிவைத்தார்.

தேர்வு ஹாலில் என் இடம் மூன்றாவது பெஞ்ச். உட்கார்ந்து அட்டையில் ஒட்டியிருந்த மல்லாட்டைத் தோலை ஊதிவிட்டு நிமிர்ந்தேன். முதல் பெஞ்சில் முந்தானையைச் செருகிக்கொண்டு, பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அந்த அக்கா.

கேள்வித்தாள் வந்தது. வெர்செய்ல்ஸ் வந்திருந்தது. தங்கச்சி காதுக்குள் சொல்லச் சொல்ல எழுதினேன், குக்கர் விசிலை மட்டும் விட்டுவிட்டு. இடையிடையே நிமிர்ந்தபோதெல்லாம் அந்த அக்கா எதையாவது அடித்துக்கொண்டே இருந்தார். எழுதுவார், நிறுத்துவார், நீளமாக ஒரு கோடு இழுப்பார். அந்தக் கோடு இழுக்கும் சத்தம் மூன்றாவது பெஞ்ச் வரைக்கும் கேட்டது. பஸ்ஸில் அவ்வளவு சத்தத்தைத் தாங்கிக்கொண்ட எனக்கு அந்தச் சின்னச் சத்தம் தாங்கவில்லை.

முடிந்து வெளியே வந்ததும் கேட் பக்கத்தில் பிடித்தேன். "அக்கா, நீங்களும் எழுத வந்தீங்கன்னு எனக்குத் தெரியாதுக்கா. சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல உட்டியா நீ?" என்றார். கோபமாகக்கூட இல்லை, களைத்துப்போன குரல். "வளவனூர்லருந்து வர்றேன். அம்மா வூடு பெருமுக்கல், அந்த அட்ரஸ்ல அப்ளை பண்ணதால இங்க போட்டுட்டாங்க. வூட்ல ஒக்காந்து படிக்க எங்க நேரம்? பஸ்லதான் படிக்கணும்னு வச்சிருந்தேன். அங்கன்வாடியில ஆள் எடுக்கறாங்க, பத்தாவது பாஸ் கேக்கறாங்க."

"ஆனா மொதல்ல அந்த அண்ணந்தானக்கா பாட்டு வச்சாரு."

"அவரு வச்சா வச்சிக்கினு போறாரு. பாட்டு எனக்குப் பழக்கம் தம்பி. எங்க தெருவுல நாலு வூட்ல நாலு பாட்டு ஓடும், அதுலதான் சமைக்கறேன், அதுலதான் புள்ளயத் தூங்க வைக்கறேன். காதுல ஏறாது. நீ வச்சது பாடம். நான் மண்ணு வகை படிக்கறேன், பின்னாலருந்து உந்தங்கச்சி உடன்படிக்க சொல்லுது. நிறுத்தி நிறுத்தி எவ்ளோ அழகா சொல்லுது! எது புக்கு, எது காதுன்னே தெரியல. கரிசல் மண்ணு எங்க இருக்குதுன்னு கேட்டிருந்தான். தக்காணம்னு எழுதணும். கை ஜெர்மனின்னு எழுதிட்டு நிக்குது. அடிச்சேன். அடுத்த கேள்விக்கிப் போனா அங்கயும் ஜெர்மனி வருது."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அந்த ஜெர்மனியை வைத்து ஒரு வாரம் சிரித்திருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை. "டீ சாப்புடலாமாக்கா?" என்றேன். "பஸ்ஸு போயிடும்," என்று டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தார். அந்தச் சாப்பாட்டைத் திறந்தாரா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

ரிசல்ட் வந்தது. எனக்கு நாற்பத்தொன்று. கண்டக்டர் லைசென்ஸுக்கு எழுதிப் போட்டாயிற்று. தெருவில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். அந்த அக்காவின் மார்க்கைப் போனில் பார்க்கலாம் என்றால் அவருடைய பதிவெண் தெரியாது, பேரும் தெரியாது.

தங்கச்சி மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, "எங்கொரல்லதான பாஸான? ஒத்துக்கோ," என்றாள்.

"ஒத்துக்கறேன் தாயே," என்றேன்.

"பஸ்ல எல்லாரும் கேட்டாங்களாமே. இன்னா சொன்னாங்க?"

"ஒரு அக்கா நீ ரொம்ப அழகா சொல்றன்னு சொன்னாங்க," என்றேன். அவளுக்கு முகமெல்லாம் பல். மீதியை அவளிடம் நான் இதுவரைக்கும் சொல்லவில்லை.