கட்டாமல் விட்ட தடுப்புச்சுவர்

கள்ளக்குறிச்சியில் ஆர்க்கிடெக்ட் என்று பலகை மாட்டிய முதல் பெண் நான். கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போனால் மேஸ்திரிகள் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "சார் வர்லீங்களா?" என்பார்கள். வீடுகளுக்கு மட்டுமே வரைந்துகொண்டிருந்த எனக்குக் கல்வராயன் மலையில் ஒரு மாணவியர் விடுதி கட்டும் வேலை கிடைத்தது. ஓர் அறக்கட்டளை கொடுத்த வேலை.

சரிவில்தான் இடம் இருந்தது. சமையலறைக்காக மலையை வெட்டியிருந்தார்கள். அந்த மண் சரியாமலிருக்கப் பின்னால் ஆள் உயரத்துக்குக் கருங்கல் தடுப்புச்சுவர் ஒன்று வரைந்து கொடுத்தேன். வாரம் ஒருமுறை கச்சிராயபாளையத்தில் பஸ் மாறி மேலே போவேன். அங்கே கல் சுமந்த ஒரு மலைப்பெண், நான் சாப்பிட்டேனா என்று கேட்காமலே கூழ் ஊற்றித் தருவாள். விடுதி முடிந்ததும் அவளையே சமையலுக்கு வைத்துக்கொண்டார்கள்.

தடுப்புச்சுவரை மட்டும் கட்டவில்லை. "அடுத்த வருசம் பாத்துக்கலாம்மா, மலை எங்க ஓடிப்போவுது?" என்று சிரித்தார் ஒப்பந்தக்காரர். சுவர் இல்லாமல் சமையலறையைத் திறக்கக் கூடாது என்று அறக்கட்டளைக்குக் கடிதம் எழுதினேன். பதிலுக்குத் திறப்புவிழா அழைப்பிதழ் வந்தது. போனேன். இந்தப் பக்கத்தில் ஒரு பெண் வரைந்து எழும்பிய முதல் விடுதி என்று பேசி எனக்குச் சால்வை போர்த்தினார்கள். சுவரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அடுத்த வேலை கிடைக்காதோ என்ற பயம். அதைவிட, அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது.

ஐப்பசியில் நான்கு நாள் அடைமழை. ஐந்தாம் நாள் காலை, எனக்குக் கூழ் ஊற்றித் தந்த அந்த மலைப்பெண் உப்புமா கிளறிக்கொண்டிருந்தபோது மண் பின்சுவரை உடைத்து உள்ளே வந்தது. கூடத்தில் இருந்த பிள்ளைகள் தப்பினார்கள். அவள் தப்பவில்லை.

விசாரணையில் என் கடிதத்தின் நகல் என்னைக் காப்பாற்றியது. வெளியே வந்தபோது அவள் கணவர் நின்றுகொண்டிருந்தார்.

"பெரிய எடத்துக்கெல்லாம் லெட்டர் போட்டீங்களாமே, இஞ்சினியரம்மா. அவகிட்ட இன்னாத்துக்குச் சொல்லல?"

கையிலிருந்த கடித நகலை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"வாரா வாரம் அவ கையால குடிச்சீங்க. அங்க நிக்காதன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வூட்டோட நிறுத்தியிருப்பேனே."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

அடுத்த மாதமே சுவர் எழும்பியது. நானே போய் நின்றேன். பத்து நாள் வேலை, அவ்வளவுதான். கல் தூக்க வந்தவர்களில் அவரும் இருந்தார். ஒருநாளும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போதும் வரைகிறேன். ஒரு கட்டடத்தில் குறை கண்டால், முதலாளிக்குச் சொல்லும் முன் அதற்குள் நின்று வேலை செய்யப்போகிறவர்களிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன். இதனால் சின்னசேலத்தில் ஒரு மண்டப வேலை கைவிட்டுப் போனது. போகட்டும். அவளிடம்தான் இனி சொல்ல முடியாது.