தங்குவதற்கு ஒரு ரஷ்யச் சொல்

'இன்சென்டிவ்' என்ற ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லால் எனக்கு நான்கு நாள் வேலை கெட்டது.

இந்தத் தீவில், ஷாதிபூர் வீட்டில் உட்கார்ந்தபடி ஆங்கிலத்திலிருந்து ரஷ்ய மொழிக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். சென்னையில் சும்மா படித்த பாஷை இங்கே வந்து சோறு போடும் என்று நினைக்கவில்லை. கடலுக்கடியில் நீந்தக் கற்றுத்தரும் ஒரு பள்ளியில், ரஷ்யப் பயிற்சியாளர்கள் ஒரு சீசனுக்கு மேல் நிற்பதில்லையாம். அவர்களுக்கென்று ஒரு கேள்வித்தாளை மொழிபெயர்க்கச் சொல்லிப் பள்ளியிலிருந்து எனக்கு அனுப்பியிருந்தார்கள். இந்தத் தீவில் தொடர்ந்து இருக்க உங்களுக்கு என்ன இன்சென்டிவ் என்பது முதல் கேள்வி.

ரஷ்ய மொழியில் இரண்டு சொற்கள் வந்து நின்றன. 'ஸ்டிமுல்' வெளியிலிருந்து தள்ளுவது. 'பபுஷ்தேனியே' மனசுக்குள்ளிருந்து கிளம்புவது. முதலாவதைப் போட்டால் சம்பளத்தைப் பற்றி எழுதுவார்கள், இரண்டாவதைப் போட்டால் சூரிய அஸ்தமனத்தைப் பற்றி எழுதுவார்கள். எது வேண்டும் என்று பள்ளியைக் கேட்டேன். இரண்டும்தான் என்று பதில் வந்தது. எரிச்சல் தலைக்கேறியது.

இப்படிச் சிக்கிக்கொண்டால், தெரிந்த யாரிடமாவது அதே கேள்வியைக் கேட்டுப் பார்ப்பது என் வழக்கம். கையில் அகப்பட்டவர் கணவர். மத்திய அரசு வேலை. மெயின்லேண்டுக்கு மாற்றலா, இங்கேயே நீட்டிப்பா என்று வருடாவருடம் அலுவலகத்தில் படிவம் கொடுப்பார்கள். எட்டு வருடமாக நீட்டிப்பு என்றே எழுதுகிறார். இந்த வருடப் படிவத்தைத் திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். அவருக்குக் கடல் மேல் அப்படி ஒரு ஆசை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அது உள்ளிருந்து வருவதுதானே என்று கேட்டேன்.

அவர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கா? எனக்கு இந்த ஊரு செட்டே ஆகல. ஒனக்குப் பிடிச்சிருக்கு, மத்லப், அதாவது, நீ சந்தோஷமா இருக்கேன்னுதான் எழுதிக் குடுக்கறேன்."

கடல் பிடிக்கும் என்று முதல் வருடம் நான் சொன்னது, அவர் முகம் வாடக்கூடாதே என்றுதான். அதைச் சொல்லிவிட்டேன். ஊரிலிருக்கும் அம்மாவைப் பார்க்காமல் இங்கேயே கழிந்த தீபாவளிகளெல்லாம் நினைவுக்கு வந்தன. அவர் சிரித்தார். எனக்குக் கோபமா சிரிப்பா என்றே புரியவில்லை.

"சரி, இப்ப சொல்லு. ஒனக்கு என்ன வேணும்?"

மெயின்லேண்ட் என்று வாய்வரை வந்தது, வெளியே வரவில்லை. அவருக்காக இருக்கிறேன் என்று நினைத்த ஊரில் எனக்கென்று ஏதாவது உண்டா என்று நான் யோசித்ததே இல்லை. தெரியவில்லை என்றேன். தனக்கும் தெரியவில்லை என்றார்.

அன்று சாயங்காலம் ரஷ்யச் சொற்கள் இரண்டையும் போட்டு அனுப்பிவிட்டேன். படிவம் அப்படியே கிடக்கிறது. எட்டு வருடத்தில் எனக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்டது இதுவே முதல் முறை. நான் அவரைக் கேட்டதும் வேலைக்காகத்தான்.