திரும்பத் திரும்பக் காட்டிய பந்து

எங்கள் விளையாட்டுச் சேனலில் அவரை எல்லோரும் ஸ்லோமோஷன் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். ஆட்டத்தின் முக்கியமான கட்டங்களை மெதுவாக ஓடவிட்டுத் திரும்பக் காட்டும் மெஷின் அவர் பொறுப்பில் இருந்தது. ஒரு டம்ளர் டீயைக் குடித்து முடிக்க அவருக்கு முக்கால் மணி நேரம் ஆகும் என்பதும் அந்தப் பெயருக்கு ஒரு காரணம். ஒளிபரப்பு வண்டிக்குள் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து ஒலியைக் கவனித்துக்கொண்டவன் நான். பதினாறு வருடம் அப்படி உட்கார்ந்திருந்தோம்.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது சேனல் என்று தனியாக எதுவும் கிடையாது. அரசுத் தொலைக்காட்சியின் பின்பக்கத்தில் விளையாட்டுப் பிரிவு என்று இரண்டு அறைகள். ஒரே வண்டி, மூன்று கேமரா. அதிலும் ஒன்று வெயில் ஏறினால் படுத்துவிடும். சனிக்கிழமை இரண்டு மணி நேரம்தான் விளையாட்டுக்கு. ஆட்டம் இழுத்துக்கொண்டு போனால் கடைசி நிமிடங்களை வெட்டிவிட்டுச் செய்திக்குப் போய்விடுவார்கள். ஜனங்கள் போன் போட்டுக் கிழிகிழி என்று கிழிப்பார்கள். அப்புறம்தான் தனிச் சேனல் வந்தது, வண்டி நான்கானது, கேமரா பன்னிரண்டானது.

மேடத்துக்கு அப்பா அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். எட்டு வயது மூத்த அண்ணன்தான் வளர்த்து ஆளாக்கினார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார், விடுமுறை நாட்களில் கால்பந்து நடுவர். தொலைக்காட்சி வேலைக்கான விளம்பரத்தைப் பேப்பரிலிருந்து கத்தரித்துத் தங்கையிடம் கொடுத்ததும் அவர்தான். ஜில்லா, மாநிலம் என்று மேலே வந்து, ஒரு வருடம் தேசியக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கே அவரை நடுவராகப் போட்டார்கள்.

அன்று வண்டிக்குள் ஒரே கலகலப்பு.

"அண்ணன் மைதானத்துல, தங்கச்சி வண்டியில. குடும்ப விசேஷமாப் போச்சே மேடம்! எங்களுக்கெல்லாம் சாப்பாடு உண்டா?" என்றார் டைரக்டர்.

"முதல்ல ஆட்டம் முடியட்டும் சார்," என்று சிரித்தார் மேடம். அவர் முகத்தில் அத்தனை பெருமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எண்பத்தாறாவது நிமிடம். உள்ளூர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. அவர்கள் அடித்த பந்து கோல் கம்பத்தின் மேல்கட்டையில் பட்டு, கீழே விழுந்து, வெளியே துள்ளி வந்தது. வீரர்கள் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அண்ணன் எல்லைக்கோட்டில் நின்ற துணை நடுவரைப் பார்த்தார். அங்கே கொடி அசையவில்லை. ஆட்டம் தொடரட்டும் என்று கையை வீசினார்.

"ரீப்ளே, என்ன இருக்கு?" டைரக்டரின் குரல் காதுக்குள் கேட்டது.

மேடத்தின் சின்னத் திரையை நானும் எட்டிப் பார்த்தேன். கோலுக்குப் பின்னால் வைத்த ஐந்தாம் கேமரா. பந்து முழுசாக உள்ளே கிடந்தது. பந்துக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் நடுவில் பச்சைப் புல்கூடத் தெரிந்தது. மேடத்தின் கை மெஷினின் பிடிமேல் அப்படியே நின்றுவிட்டது.

"மேடம், இருக்கா இல்லையா?"

"அஞ்சுல இருக்கு சார்."

"தெளிவா இருக்கா?"

"தெளிவா இருக்கு."

"போடுங்க."

போட்டார். ஆட்டம் முடிவதற்குள் ஏழு முறை போட வைத்தார்கள். உள்ளூர் அணி தோற்றது. அண்ணனைப் போலீஸ் காவலோடு பின்வாசல் வழியாக அனுப்பினார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நேரத்துக்காவது தப்பித்திருக்கலாமே என்று பிறகு மேடத்திடம் கேட்டேன். "கண்ணு முன்னாடி இருக்கறத இல்லன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

அந்த வாரம் முழுக்க அந்தப் பந்துதான். செய்தியில், விவாதத்தில், அடுத்த ஆட்டத்துக்கான விளம்பரத்தில்கூட. பள்ளிக்கூட மதில்சுவரில் 'குருட்டு வாத்தியார்' என்று கரியால் எழுதினார்கள். கால்பந்துச் சங்கம் அண்ணனை இரண்டு வருடம் விலக்கி வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மேடம் அண்ணன் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த அண்ணி, "ஊரே காட்டுது, காட்டட்டும். நீயும் சேர்ந்து காட்டணுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு முன்னாடி மூணு பேர் குதிச்சாங்க பாப்பா. பந்தே கண்ணுல படல."

"சரி, விடுண்ணா," என்றார் மேடம். ஆறுதலாகத்தான் சொன்னார்.

இரண்டு வருடம் முடிந்தும் அண்ணன் விசிலைத் தொடவில்லை. பள்ளிக்கூடத்தில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு முடங்கினார்.

ஒன்பது வருடம் போனது. பெரிய ஆட்டங்களின் உரிமையைத் தனியார் சேனல்கள் தட்டிக்கொண்டு போய்விட்டன. எங்கள் வண்டிகள் கொட்டகையில் டயர் இறங்கி நின்றன. பழைய ஆட்டங்களையே திரும்பப் போட்டுக் காலத்தை ஓட்டினோம். வெள்ளி விழா நிகழ்ச்சிக்காகப் பழைய டேப்புகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை மேடத்திடம் கொடுத்தார்கள்.

அந்த இறுதி ஆட்டத்தின் ஒன்பதாம் கேமரா டேப்பை அவர் அப்போதுதான் முதல் முறையாக ஓடவிட்டார். தரையோரம் வைத்த கேமரா. அதில் அண்ணனின் முதுகு தெரிந்தது. அவருக்கும் கோலுக்கும் நடுவில் மூன்று பேர் சுவர் மாதிரி எழும்பியிருந்தார்கள். அந்த இடத்தில் யார் நின்றிருந்தாலும் பந்து தெரிந்திருக்காது.

என்னையும் கூட்டிக்கொண்டு, லேப்டாப்போடு அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணன் மெலிந்து போயிருந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார்.

"இது அன்னைக்கே உங்ககிட்ட இருந்ததா?"

"இருந்தது."

"நீ பாக்கலயா?"

"யாரும் கேக்கலண்ணா. நானும் தேடல."

அண்ணன் லேப்டாப்பை மூடினார்.

"மூணு பேர் குதிச்சாங்கன்னு உன்கிட்ட அன்னைக்கே சொன்னேன். ஊர் நம்பலன்னு எனக்குத் தெரியும். நீயும் நம்பலன்னு இப்பத்தான் தெரியுது."

மேடம் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார்.

ஒன்பதாம் கேமராவையும் வெள்ளி விழா நிகழ்ச்சியில் சேர்க்கச் சொல்லி டைரக்டரிடம் மன்றாடினார். "அந்த ஆட்டத்துக்கே ரெண்டு நிமிஷம்தான் மேடம். ஜனங்க அந்தப் பந்தைத்தான் பாக்கணும்பாங்க. நடுவரோட முதுகை யார் பாப்பாங்க?" என்று கைவிரித்தார் டைரக்டர். அந்த ஆட்டத்தை வெட்டித் தொகுக்க மாட்டேன் என்று மேடம் எழுதிக் கொடுத்தார். வேறொருவர் செய்தார். ஐந்தாம் கேமரா மறுபடி நாடு முழுக்க ஓடியது.

மறு வருடம் அண்ணன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். பேப்பரில் நாலு வரி வந்தது. அதில் மூன்று வரி அந்தப் பந்தைப் பற்றி.

மேடமும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஞாயிறுதோறும் அண்ணி வீட்டுக்குப் போகிறாராம். அண்ணி கதவைத் திறந்துவிடுகிறார், நாற்காலியை இழுத்துப் போடுகிறார். பேசுவது மட்டும் இல்லையாம். ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, "வரேன் அண்ணி," என்று சொல்லிக்கொண்டு கிளம்பி வருகிறார்.