மஞ்சிட்டி கொல்லும்

பெயரில்தான் மஞ்சள். மஞ்சிட்டி வேரைக் கொதிக்கவிட்டால் சிவப்புதான் இறங்கும். அந்தச் சிவப்பில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் அடையாறு ஆராய்ச்சி நிறுவனத்தில் எனக்குச் சோறு போடும் வேலை. கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்கள்மேல் அந்தச் சாற்றை விட்டோம். நிறையச் செத்தன. உப்பை அள்ளிப் போட்டாலும்தான் சாகும். அதனால் கட்டுரையில், ‘மனிதர்களுக்குப் பொருந்துமா என்று தெரியாது’ என்று தெளிவாக எழுதினேன். பத்திரிகைகளுக்குக் குறிப்பு அனுப்பிய எங்கள் இயக்குநர், அந்தப் புண்ணியவான், அந்த ஒரு வரியை மட்டும் வெட்டிவிட்டார். ‘மஞ்சிட்டி புற்றுநோயைக் கொல்லும்’ என்று தலைப்பு, பக்கத்தில் என் படம். கேட்டதற்கு, “ஜனங்களுக்குப் புரியற மாதிரி சொல்ல வேணாமாம்மா?” என்றார்.

ஜனங்களுக்கு நன்றாகவே புரிந்தது. அதற்கப்புறம் வேர் சேகரிக்க இரண்டு மாதம் மலைக்குப் போயிருந்த நான், ஊர் திரும்பியதும் மயிலாப்பூரில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவுக்கு மார்பில் கட்டி. நான் மலைக்குக் கிளம்பும்போது கீமோ நடந்துகொண்டிருந்தது.

அக்காவின் கணவர், அத்திம்பேர், வாசலிலேயே பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. “கீமோவை நிறுத்தியாச்சு. வாட்ஸ்அப்புல வந்துதே, உன் கஷாயந்தான் தினமும். கெட்ட ரத்தமெல்லாம் வெளியேறிண்டிருக்கு. ஒண்ணுக்குப் போனா செக்கச்செவேல்னு போறது!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அத்திம்பேர், அது ரத்தமும் இல்லை, வியாதியும் இல்லை. சாயம்! குடிச்ச வேரோட சாயம்! பீட்ரூட் தின்னா நீங்களுந்தான் அப்படிப் போவேள்!”

“நீதானேம்மா கண்டுபிடிச்சே” என்றார். சிரிப்பு போய்விட்டது. அவரை அடிக்கலாம் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

அங்கேயே நின்று இயக்குநருக்குப் போன் போட்டேன். உடனே மறுப்பு வெளியிடச் சொன்னேன். “நிறுவனத்துக்குக் கெட்ட பேர் வந்துடும்” என்று இழுத்தார். உங்கள் நிறுவனமும் பேரும் நாசமாய்ப் போகட்டும் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். கத்தியதில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை.

மறுநாள் அக்காவை டாக்டரிடம் அழைத்துப் போனேன். கட்டி பெரிதாகியிருந்தது. திரும்பும்போது ஆட்டோவில் நான் இயக்குநரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஒரே கசப்புடி அது. குடலைப் பிடுங்கும். வேற யார் சொல்லியிருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன். உன் படம் போட்டிருந்துதே.”