மேஜையில் மூன்றாவது நாற்காலி

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, நாங்கள் குடியிருக்கும் கரமனையில் பெண்கள் சேர்ந்து நடத்தும் வாசிப்புக் கூட்டம் ஒன்றுக்குப் போய்வந்தேன். ஒருநாள் மனிதர்களுக்குள் உள்ள ஏற்றத்தாழ்வு பற்றிப் பேச்சு. வீட்டுக்கு வந்ததும், எங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் பெண்மணியிடம், "இனிமே நீங்களும் எங்களோட மேஜைல உக்காந்துண்டு சாப்பிடணும்" என்றேன். அவர் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து இங்கே வந்து குடியேறியவர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். அதுவரை பின்கட்டில் தனியாகத்தான் சாப்பிடுவார்.

"வேண்டாம் அக்கா" என்றார். நான் விடவில்லை.

இரண்டு வாரம் அப்படி நடந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஒரு கரண்டி சாதத்தை அளைந்துகொண்டிருப்பார். என் கணவர் தண்ணீர்ச் செம்பைப் பார்த்தாலே, எடுத்துக் கொடுக்க இவர் எழுந்துவிடுவார். கணவரும் அவசரமாக முடித்துக் கைகழுவப் போய்விடுவார். எனக்கு மட்டும் பரம திருப்தி. அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னபோது எல்லாரும் கை தட்டினார்கள்.

மறுநாள் மதியம் அவர் உட்காரவில்லை.

"அக்கா, ஒண்ணு சொன்னா வெசனப்படக் கூடாது, கேட்டோ. ஒங்க கூட இருந்து சாப்பிட்டா எனக்கு வயிறு நெறைய மாட்டேங்கு. வெளியில காலை நீட்டி இருந்து, மகளுக்கு ஃபோன் போட்டுப் பேசிட்டே திம்பேன். எனக்குன்னு உள்ளது அந்த அரை மணிக்கூர்தான்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்போ நான் என்னதான் பண்ணணும், சொல்லுங்கோ" என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

அவர் யோசிக்கவே இல்லை. "ஞாயித்துக்கிழமை சம்பளத்தோட லீவு வேணும் அக்கா."

ஆறு வருஷமாக எங்கள் வீட்டில் வேலை செய்கிறார். வங்கியில் ஒரு ஞாயிறு வேலைக்குக் கூப்பிட்டாலே சங்கத்தோடு சேர்ந்து கோஷம் போட்டவள் நான். இவருக்கும் ஒரு ஞாயிறு வேண்டாமா என்று நினைத்ததே இல்லை. நாற்காலி போட்டதுகூட அவரைக் கேட்டுப் போட்டதில்லை. கூச்சமாக இருந்தது.

"இந்த வாரத்துலேர்ந்தே எடுத்துக்கோங்கோ" என்றேன்.

இப்போது ஞாயிறுகளில் நானும் கணவரும் சமைக்கிறோம். போன மாதம் ஒரு ஞாயிறு, தயிரில் செய்யும் புளிசேரி திரிந்துபோனது. என்ன செய்வதென்று கேட்க அவரை ஃபோனில் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் அவருடைய பேரக்குழந்தைகளின் கூச்சல்.

"அக்கா, இன்னைக்கு எனக்கு லீவாக்கும். நாளைக்கு சொல்லித் தாரேன்" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

திரிந்த புளிசேரியையே ஊற்றிச் சாப்பிட்டோம். கணவர் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.