மரக்காணத்தில் மணி உருட்டிய கதை

டீ குடிக்க வண்டியை நிறுத்திய நான், உப்பளத்தை ஒட்டிய கொட்டகையில் ஸ்டெல்லா என்ற பெண் கண்ணாடி மணி செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கம்பி முனையில் நீல மணி தீயில் சுழல்கிறது. மெல்லிய வெள்ளைக் கண்ணாடிக் குச்சியால் அதைத் தொட்டுத் தொட்டுப் புள்ளி வைக்கிறார்.

தகரக் கூரையில் தூறல் விழுகிறது. வெளியே, களிமண் பூசிக் காயவைத்த கம்பிகள். நனைந்து பூச்சு கரைந்தால், அப்புறம் மணி கம்பியை விட்டுக் கழலாது.

"அக்கா, இதக் கொஞ்சம் புடிங்க. திருப்பிக்கிட்டே இருங்க, நிறுத்திடாதீங்க!" கம்பியை என் கையில் திணித்துவிட்டு ஓடுகிறார்.

திருப்புகிறேன். பெருமை வேறு. ஜன்னலுக்கு வெளியே உப்புக் குவியல்மேல் தார்ப்பாய் இழுக்கிறார்கள்; காற்று அதைப் பிடுங்குகிறது. கொஞ்சம்தான் பார்க்கிறேன். அதற்குள் மணி ஒரு பக்கமாக வழிந்து தொங்குகிறது.

கம்பிகளோடு திரும்பிய ஸ்டெல்லா சிரிக்கிறார். "வேடிக்க பாத்துட்டீங்களா?"

தொங்கிய பக்கத்தை இடுக்கியால் நசுக்கி வாலாக்குகிறார். மறுபக்கம் கண்ணாகக் கறுப்பில் ஒரு புள்ளி வைக்கிறார். மீன் என்னையே முறைக்கிறது.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா இது கம்மலுக்கு, இன்னொன்னும் இதே மாரி வேணும். உக்காருங்கக்கா, மழையப் பாத்துக்கிட்டே திருப்புங்க."