கெங்கம்மாவின் ஜப்பான்

எங்கள் வியாசர்பாடி குடியிருப்பில் கெங்கம்மாவிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. எண்ணூர் பக்கம் காருக்கு வயர் கட்டும் ஜப்பான்காரர் கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலை அவளுக்கு. "எங்க கம்பெனி" என்றுதான் சொல்லுவாள், பாதிப் பங்கு அவள் பேரில் இருப்பது போல. அவளுக்கு நேர் கீழ்வீட்டில் இருக்கும் சரித்திர டீச்சர் நான்.

கம்பெனியில் புது லைன் ஒன்று திறந்தார்கள். மாதம் முடிவதற்குள் ஒரு வேன் நிறையப் பெண்களைக் கூட்டி வந்தால் கெங்கம்மாவைச் சூப்பர்வைசர் ஆக்குவதாக மேனேஜர் வாக்குக் கொடுத்தார். துடைப்பத்தை வைத்துவிட்டு சூப்பர்வைசரின் நீலக் கோட்டு மாட்ட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. மாடி மாடியாக ஏறி இறங்கினாள். ஒருத்தியும் அசையவில்லை.

காரணம், ரத்தம். வேலையில் சேருமுன் பரிசோதனைக்காக ரத்தம் எடுப்பார்கள். அது கப்பலேறி ஜப்பானுக்குப் போகிறது என்று யாரோ கொளுத்திப் போட, குடியிருப்பு முழுக்கப் பற்றிக்கொண்டது.

"அவ்ளோ நல்ல எடம்னா உன் மருமவள இட்டுகினு போயேன்க்கா! அவ ரத்தம் மட்டும் இன்னா, தங்கமா?" என்று இரண்டாம் மாடி ஃப்ளோரன்ஸ் குழாயடியில் கேட்டுவிட்டாள்.

கெங்கம்மா பாதி நிறைந்த குடத்தோடு மாடியேறிவிட்டாள். மருமகள் மகிழினி டிப்ளமோ படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டோடு சரி. "அவ சம்பாரிச்சுத்தான் நாங்க துன்னணுமா?" என்பது கெங்கம்மாவின் கௌரவம். மகிழினியும் வேலைக்குப் போகிறேன் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.

சாயங்காலம் மூச்சு வாங்க என் வீட்டுக்கு வந்தாள் கெங்கம்மா.

"ஒரே பேஜாரா கீது டீச்சர். ஜப்பான்ல இந்த மாரி கூத்துலாம் நடந்துகீதா?"

நடந்திருக்கிறது என்றேன். இருநூறு வருஷத்துக்கு மேல் வெளியாரை அண்டவிடாமல் கதவைச் சாத்தி வைத்திருந்த நாடு. பீரங்கியோடு அமெரிக்காவின் நீராவிக் கப்பல்கள் வந்து கதவைத் தட்டின. அதற்குப் பிறகு ஒரே ஓட்டம்தான். ரயில் வந்தது, ஆலை வந்தது, கத்தி வைத்திருந்த சாமுராய் வீரர்களின் குடுமிகூடப் போனது. பிரெஞ்சுக்காரர்களை வரவழைத்துப் பெரிய பட்டு ஆலை ஒன்றும் கட்டினார்கள்.

"ஆனா வேலைக்கு ஒரு பொண்ணும் வரல கெங்கம்மா. வெள்ளைக்காரங்க ரத்தம் குடிப்பாங்கன்னு ஊரெல்லாம் பேச்சு. அவங்க குடிச்சது செவப்பு ஒயினு!"

கெங்கம்மா தொடையைத் தட்டிச் சிரித்தாள். "அங்கயும் ஒரு ஃப்ளோரன்ஸ் இருந்துகீறா பாரு! அப்பால?"

"ஆலையை நடத்தினவரு தன் சொந்தப் பொண்ணையே மொதல்ல சேர்த்தாரு. அதுக்கப்புறம்தான் மத்தவங்க வந்தாங்க."

சிரிப்பு நின்றது. கண்ணை இடுக்கி என்னைப் பார்த்தாள்.

"இது நெசமா நடந்ததா, இல்ல அவ சொல்லிக் குடுத்தாளா?" என்று மேல்வீட்டைக் காட்டினாள்.

நான் மகிழினி கட்சிதான், அதை மறைப்பானேன். ஆனால் கதை என்னுடையதில்லை, சரித்திரம். அதைச் சொன்னேன். விறுவிறுவென்று எழுந்து போனாள்.

மறுநாள் காலை மகிழினியைப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். சாட்சிக்கு ஃப்ளோரன்ஸையும் கையோடு இழுத்துப் போனாள். எடுத்த ரத்தம் விரலளவு குழாய்கூட நிறையவில்லையாம். ஊசி ஏறும்போதும் மகிழினி சிரித்துக்கொண்டே இருந்தாளாம். இதையெல்லாம் மாடி மாடியாகச் சொன்னதும் ஃப்ளோரன்ஸ்தான், அடுத்ததாகப் பேர் கொடுத்ததும் அவள்தான். மாதம் முடிவதற்குள் வேன் நிறைந்தது. கெங்கம்மா நீலக் கோட்டோடு வந்து என் வீட்டு வாசலில் சும்மாவே இரண்டு தடவை நடந்தாள்.

பொங்கலுக்குள் மகிழினி லைனிலேயே கெட்டிக்காரி என்று பேர் வாங்கிவிட்டாள். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது அவள்தான். அதனால் வீடு திரும்ப நேரமாகும். ஒரு நாள் சாயங்காலம் மேல்வீட்டுக்குப் போனேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் கெங்கம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்தப் பட்டு மில்லு பொண்ணுங்க அப்பால இன்னா ஆனாங்க டீச்சர்?"

"தொழில் கத்துகிட்டு வேற வேற ஊர் ஆலைக்குப் போயி, மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க."

"பொண்ண அனுப்புன அந்த மனுசன்?"

"அது எனக்குத் தெரியாதே."

"எனக்குத் தெரியும். வூட்ல குந்திகினு மீன் ஆஞ்சுகினு இருந்திருப்பாரு."

குரலில் இருந்தது சலிப்பில்லை, முழுக்க முழுக்கப் பெருமை. கீழே வேன் ஹாரன் கேட்டது. அவசரமாகக் கையை அலம்பி அடுப்பைப் பற்றவைத்தாள்.

"கெளம்பு டீச்சர், நாளைக்குப் பேசிக்கலாம். என் மருமவ வேலைலேர்ந்து பசியோட வர்றா."